ஊர் திரும்பிய அயல்நாட்டார்

(மல்லேஸ்வரத்தில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடைமீது நிற்பவர் ஒருவரேயாயினும் இப்பேச்சு இருவருடையது. கூடத்து மேசையில் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதி, எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தி, சில நாள் சச்சரவிட்டு முடித்தது. ஆதலின் ‘நாங்கள்’ என்று வரும் இடங்களிலெல்லாம் கணவன் மனைவி இருவரையும் ஒருசேரக் கொள்க. செயலாளர் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த பொருள் ‘எங்கள் வெளிநாட்டு வாழ்க்கை’ என்பது. பனியைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் பேசுவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் எங்கள் வெளிநாட்டு வாழ்க்கை இன்னும் முடிந்தபாடில்லை. அது இந்த மல்லேஸ்வரத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. அதனை விளக்கவே வந்தோம்.

2010ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது அண்டை வீட்டார் சிறியதொரு விருந்து வைத்தனர். பரிசாகக் கொடுத்தவை அகன்ற விளிம்புடைய வெயில் தொப்பி ஒன்று, கொசுவை விரட்டும் களிம்பு இரண்டு குப்பி. “வெப்பமண்டல நாடொன்றில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாழ்த்தினார்கள். எங்களுள் மூத்தவர் மாயவரத்தில் பிறந்து சித்திரை வெயிலில் காவிரி மணலைச் செருப்பின்றிக் கடந்தவர், இளையவர் வேலூர்க்காரர். வேலூர் வெயிலைப் பற்றி இச்சபைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்து வழியெல்லாம் சிரித்தோம். பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கிக் குடிவரவு அலுவலரின் மேசைக்குமுன் நின்றபோது சிரிப்பு நின்றது. இந்தியக் குடிமக்கள் ஒரு வரிசையில் நின்றார்கள். நாங்கள் மற்றொரு வரிசையில் நின்றோம். அண்டை வீட்டார் சொன்னதில் பிழையில்லை. வெப்பமண்டல நாடொன்றில் ஓய்வுபெற வந்த அயல்நாட்டார் நாங்கள்.

1974ஆம் ஆண்டில் நாங்கள் சென்றோம். இளையவர் மருத்துவமனையில் செவிலியர். மூத்தவர் பேருந்துப் பணிமனை ஒன்றில் கணக்கர். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிரித்தானியக் குடியுரிமை பெற்றோம். நாட்டுப் பற்று குறைந்ததனால் அன்று. மகனின் படிப்பு, வேலையில் உறுதி, எல்லை கடக்கும்போதெல்லாம் விசாவுக்கு நிற்கும் தொல்லை ஆகியவற்றை எண்ணிச் செய்த செயல். அன்று அது ஒரு கையெழுத்தாகவே தோன்றியது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, ஓர் இந்தியர் தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அளவில் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும் என்கிறது. இரட்டைக் குடியுரிமை இங்கு இல்லை. நாம் நீத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுவதுமில்லை, தானே போய்விடுகிறது. நம் மூதாதையர்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. 1926 முதல் மலாயாவுக்கும் சென்னை, நாகப்பட்டினத் துறைகளுக்கும் இடையே ‘ரஜூலா’ என்ற கப்பல் ஓடியது. அக்காலத்தில் அதிலேறிப் பினாங்கிலிருந்து திரும்பிய முதியவர், தகரப் பெட்டியோடு கரையிறங்கியவுடன் ஊர்க்காரராகிவிடுவார். கப்பலேறினாலும் இறங்கினாலும் அவர் ஒரே முடியின் குடி. நாடுகள் விடுதலை பெற்றுத் தத்தம் குடியுரிமைச் சட்டங்களை இயற்றிய பின்னரே ஊருக்குத் திரும்புவது வேறு, குடிமகனாகத் திரும்புவது வேறு என்றாயிற்று.

இவ்வாறு நீங்கியோர்க்கு இந்திய அரசு ஓர் அட்டை தருகிறது. 2003, 2005ஆம் ஆண்டுத் திருத்தங்களால் ஏற்பட்டு, 2006 சனவரியில் ஐதராபாத்தில் தொடங்கி வைக்கப்பட்ட ஓ.சி.ஐ. அட்டை அது. அதன் பெயரில் ‘இந்தியக் குடிமகன்’ என்ற சொற்கள் உள்ளன. பெயரில் மட்டுமே உள்ளன. ஆயினும் அவ்வட்டையைக் குறை கூற எங்களுக்கு மனம் வராது. வாழ்நாள் முழுதும் வரலாம், போகலாம், தங்கலாம். மற்ற அயல்நாட்டார் நெடுநாள் தங்கினால் பதிவு அலுவலகம் செல்ல வேண்டும். எங்களுக்கு அது வேண்டுவதில்லை. வீடு வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் வாங்க இயலாது. மாயவரத்தில் அரைக் காணி நஞ்சை வாங்கிப் பெயருக்காவது உழவராக வேண்டும் என்ற மூத்தவரின் ஆசை அத்தோடு முடிந்தது. அதனால் நிலத்துக்கு நன்மையே விளைந்தது என்பது இளையவர் கருத்து. அரசுப் பணி ஏற்க முடியாது. அவ்வயதில் அதனை யார் கொடுக்கப் போகிறார்கள்! வாக்களிக்கவும் முடியாது. இதனைத்தான் முதலில் பொருட்படுத்தாதிருந்தோம். பின்னர் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மனத்தை உறுத்தியது.

2024ஆம் ஆண்டைச் சொல்கிறோம். ஏப்ரல் 26ஆம் நாள் பெங்களூரில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. எங்கள் தெருமுனைப் பள்ளியின் முன்னே காலை ஏழு மணிக்கே வரிசை. வழக்கம்போல் நடை முடித்து அவ்வழியே திரும்பினோம். பதினான்கு ஆண்டாக எங்களுக்குத் தெரிந்த முகங்கள்: பால் கொடுப்பவர், மருந்துக்கடைக்காரர், மூன்றாம் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். அனைவரும் வணக்கம் சொல்லி, வரிசையில் எங்களுக்கு இடம்விட்டார்கள், முதியோர் முன்னே செல்லட்டும் என்று. இல்லை, நடந்து போகிறோம் என்று சொல்லி வந்துவிட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் விரல் மையைக் காட்டி, “வோட்டு ஹாகித்ரா அம்மா?” என்றார். இளையவர் அடுக்களையில் ஏதோ வேலையிருப்பதுபோல் உள்ளே சென்றார்.

ஏறத்தாழப் பத்து வாரம் கழித்து, சூலை 4ஆம் நாள், பிரித்தானியப் பொதுத் தேர்தல். நாட்டைவிட்டுச் சென்று பதினைந்து ஆண்டு கடந்தால் வாக்குரிமை போய்விடும் என்றிருந்த விதி அவ்வாண்டு சனவரி 16 முதல் நீக்கப்பட்டுவிட்டது. நாங்கள் குடியிராத லீட்சில், எங்களுக்கு முகம் தெரியாத வேட்பாளர்க்கு, எங்களுக்காக எங்கள் மகன் பதிலாளாக வாக்களித்தான். குப்பை வண்டி வாராத தெரு ஒன்று, குடிநீர் லாரி வாராத தெரு ஒன்று என்றிருக்கும் மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு வாக்கில்லை. எந்தத் தெருவில் விளக்கெரிகிறது என்று அறியாத ஊரில் வாக்குண்டு. வருமான வரியோ குடியுரிமையைக் கேட்பதில்லை. ஆண்டில் எத்தனை நாள் இந்நாட்டில் தங்கினீர் என்றே கேட்கிறது. நாங்கள் தங்கினோம், கட்டுகிறோம். கட்டுவதில் குறையொன்றும் சொல்லவில்லை.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஓய்வூதியம் என்றால் பவுண்டு பவுண்டாய்க் கொட்டுகிறது என்று நினைப்பவர் நம்மிடையே பலர். 2010 ஆகஸ்டில் மூத்தவர்க்கு 65 வயது நிறைந்தது. அவ்வாண்டு பிரித்தானிய அரசின் அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 97.65 பவுண்டு. அதற்கு வேண்டிய முப்பது ஆண்டுக் காப்பீட்டுத் தொகையைக் கட்டி முடித்திருந்தார். அங்கேயே இருந்தவர்க்கு அத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்து 2025-26ஆம் ஆண்டில் 176.45 பவுண்டாயிற்று. மூத்தவர்க்கு அன்றும் 97.65, இன்றும் 97.65. காரணம், அவர் இந்தியாவில் வாழ்கிறார். பிரித்தானியாவோடு இதற்கென உடன்பாடு செய்துகொண்ட நாடுகளில் வாழ்வோர்க்கு உயர்வு உண்டு. மற்ற நாடுகளில் வாழ்வோர்க்கு, முதலில் பெற்ற தொகையே சாகும்வரை. மொரீசியசில் குடியேறிய ஓய்வூதியர்க்கு உயர்வு உண்டு. பிலிப்பைன்சிலும், ஜமைக்காவிலும், அமெரிக்காவிலும் உண்டு. இந்தியாவில் இல்லை, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுங்கூட இல்லை. போர்ட் லூயியில் கோவிலுக்குப் போகும் தமிழர்க்குக் கிடைப்பது மல்லேஸ்வரத்தில் கோவிலுக்குப் போகும் தமிழர்க்குக் கிடையாது. இப்படி உறைந்துபோன ஓய்வூதியம் பெறுவோர் உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனெட் கார்சன் என்ற அம்மையார் இது வேற்றுமை காட்டுவதாகும் என்று வழக்காடினார். பிரித்தானியப் பிரபுக்கள் அவையில் 2005இல் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை மன்றத்தின் பேரவையிலும் 2010 மார்ச்சில் தோற்றார். நாங்கள் புறப்பட்ட ஆண்டு அது. செய்தித்தாளில் படித்துவிட்டு, அதன் பொருள் இன்னதென்று உணராமலே பெட்டி கட்டினோம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்துக்குச் சென்று மகன் வீட்டில் தங்கும் வாரங்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கோரலாம். திரும்பி வந்தவுடன் பழைய தொகைக்கு இறங்கிவிடும். இளையவர் மருத்துவமனைப் பணியால் பெறும் ஓய்வூதியம் தனி. அது நாடு பார்ப்பதில்லை, ஆண்டுதோறும் உயர்கிறது. எங்கள் வீட்டில் இன்று பால் கணக்கும் மருந்துக் கணக்கும் அவ்வூதியத்தில்தான் நடக்கின்றன. மூத்தவரின் ஊதியத்தில் நடப்பது பத்திரிகைச் சந்தாவும் வெற்றிலையும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மருத்துவமும் அவ்வாறே. அந்நாட்டு இலவச மருத்துவம் அங்கே குடியிருப்போர்க்கு உரியது, குடிபெயர்ந்தால் போய்விடும். இங்கே வந்தபோது, 65 வயதைக் கடந்தவர்க்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு தர முன்வந்தவர் மிகச் சிலரே. அவ்வயது வரம்பு 2024 ஏப்ரலில்தான் நீங்கியது. நீங்கியபோது எங்கள் வயதுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு மேலும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டியதாயிற்று! ஆதலின் இன்னும் இங்கு வந்து சேராத நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: திரும்பும் எண்ணமிருந்தால் காப்பீட்டை நாற்பது வயதிலேயே இந்நாட்டில் தொடங்கிவையுங்கள்.

வெயிலையும் கடலையும் காட்டி முதியோரை அழைப்பது இன்று உலகில் ஒரு வாணிகமாகவே வளர்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1985இலேயே இதற்கென ஓர் அரசு நிறுவனத்தை அமைத்தது. மலேசியா 2002இல் ‘எனது இரண்டாம் இல்லம்’ என்று திட்டம் வகுத்தது. தாய்லாந்து ஐம்பது வயது நிறைந்து வங்கியில் எட்டு இலட்சம் பாட் வைத்திருப்போரை ஆண்டுக்கு ஆண்டு தங்க விடுகிறது. பணம் உள்ளவரை விருந்தினர், குறைந்தால் வெளியே. இந்தியாவில் ஓய்வுக்கென்று தனி விசா கிடையாது. இந்திய வழித்தோன்றல் என்ற உறவு இருந்தால் ஓ.சி.ஐ. அட்டை, அவ்வுறவு இல்லாதவர்க்கு ஓய்வுக்காலத்தை இங்கே கழிப்பது எளிதன்று.

எனினும் அவ்வுறவு சிறிதுமின்றி இம்மண்ணில் முதுமையைக் கழித்தவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். இலால்பாகுக்கு உருவம் தந்தவர்களுள் ஒருவரான கஸ்தவ் ஹெர்மன் கிரும்பீகல் செர்மனியில் டிரெஸ்டன் நகரையடுத்து 1865இல் பிறந்தவர். இலண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பயின்று, 1893இல் பரோடாவுக்கு வந்து, 1908இல் மைசூர் மன்னரின் அழைப்பால் பெங்களூர் சேர்ந்தார். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி சாலைகளில் மரம் வைத்தவர் என்று அவரைப் போற்றுகிறோம். 1932இல் ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பவில்லை. உலகப்போரின்போது எதிரி நாட்டான் என்று தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அதன் பின்னும் திரும்பவில்லை. 1956இல் இங்கேயே மறைந்து ஓசூர்ச் சாலைக் கல்லறையில் துயில்கிறார். தாம் நட்ட மரத்தின் நிழலில் நடந்த மனிதரை ஒரு காகிதம் எதிரியாக்கிற்று. காகிதத்தின் வலிமையை அவர் வரலாற்றைப் போல் எங்களுக்கு உணர்த்தியது வேறில்லை. ஆங்கிலோ-இந்தியர்க்கென்றே ஊர் சமைத்த கதையும் நம் பக்கத்திலேயே உண்டு. 1882இல் மைசூர் மன்னர் சாமராச உடையார் கொடுத்த 3,900 ஏக்கர் நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தார் வைட்ஃபீல்டை அமைத்தனர். அது இன்று கணினித் தொழிலின் ஊர்; அங்கே ஓய்வு என்ற சொல்லை எவரும் அறியார்.

மல்லேஸ்வரத்தை நாங்கள் ஏன் தேர்ந்தோம் என்று பலர் கேட்டதுண்டு. இளையவரின் தமக்கையார் எட்டாவது கிராஸ் அருகில் வாழ்ந்தார் என்பதே உண்மையான விடை. தட்பவெப்பம் என்பது பிறரிடம் சொல்லும் விடை. சென்னையும் பெங்களூரும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருந்தாலும், இவ்வூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் குளிர்ச்சி. அக்குளிர்ச்சியை நம்பி வந்தவர்களுக்கு 2024 கோடை 38 டிகிரியைக் கடந்து காட்டியது. லீட்ஸ் நண்பர்கள் கொடுத்த தொப்பியை அன்றுதான் முதன்முறையாகப் போட்டுக்கொண்டு சம்பிகே சாலைக்குச் சென்றோம். 1898இல் புளேக் நோய் பெங்களூரைத் தாக்கியபின், நெருக்கடியிலிருந்து விலகி வாழ அமைக்கப்பட்ட பகுதி இது. அன்று மைசூரின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழர் சேஷாத்திரி ஐயர். பகுதிக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோவில் பதினேழாம் நூற்றாண்டில் வெங்கோஜியின் காலத்தது; அவரே பின்னர்த் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவர். அவர் இங்கிருந்து தஞ்சைக்குப் போனார்; நாங்கள் தஞ்சைச் சீமையிலிருந்து சுற்றிச் சுற்றி இங்கே வந்தோம். கணக்கு நேராயிற்று என்று மூத்தவர் சொல்வார்.

ஆனால் இந்நகரில் தமிழர் இருமடங்கு அயலார் ஆகும் வேளைகளும் உண்டு. அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டு திரைக்குள் இருந்ததை இச்சபையினர் அறிவர். வள்ளுவர்க்கே அத்தனை ஆண்டாயிற்று! சென்னையில் சர்வஞ்ஞர் சிலையும் அதே ஆகஸ்டில் திறக்கப்பட்டது நம் நெஞ்சில் நிற்க வேண்டிய செய்தி. நாங்கள் வந்த புதிதில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்றிருந்தோம், சந்தையில் போதும்தான். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மூத்தவர்க்கு நெஞ்சு வலி. மகன் ஐயாயிரம் கல் தொலைவில். கதவைத் தட்டியது மேல்மாடிக் கன்னட அம்மையாரின் கதவு. அவருடைய மருமகன் வண்டியோட்டி, மருத்துவமனையில் கையெழுத்திட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவரோடு பேச எங்களிடம் ‘தன்யவாத’ என்ற ஒரு சொல்லே இருந்தது. அடுத்த வாரமே எழுத்துப் பலகை வாங்கினோம். 65 வயதுக்குமேல் மொழி ஏறாது என்பது சோம்பேறிகளின் பேச்சு. ஏறும், மெல்ல ஏறும், ழகரம் நாவில் இருப்பவர்க்குக் கன்னடம் எட்டாத கனியன்று.

எங்களைப் போலவே திரும்பி வந்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு முடியாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை உடையவர். பதினைந்தாவது கிராஸ் பக்கம் தனியே வாழ்ந்தார். அமெரிக்க ஓய்வூதியம் எந்த நாட்டில் இருந்தாலும் விலைவாசிக்கேற்ப உயர்வதால், உறைந்துபோன எங்கள் ஊதியத்தைச் சொல்லி எள்ளுவார். ஒரு காலை அவர் வீட்டுக் கதவு திறக்கப்படவில்லை. திறந்தபோது உயிரில்லை. மகளோ அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓ.சி.ஐ. அட்டை பெற்றுக்கொள் என்று தந்தை பலமுறை சொல்லியும் பெறாதவர். அவருக்கு முதலில் விசா வேண்டும். பிறகு விமானம். கைப்பேசியின் பூட்டுச் சொல் எவர்க்கும் தெரியாது. கடவுச்சீட்டு எங்கே, உயில் உண்டா, எந்த வங்கி, எவர் பெயர் குறித்திருக்கிறார் ஒன்றும் தெரியாது. அலமாரியைத் திறக்க எங்களுக்கு உரிமையுமில்லை. நான்கு நாள் அவர் மருத்துவமனையின் குளிர்ப்பெட்டியில் கிடந்தார். ஐந்தாம் நாள் மகள் வந்திறங்கி, அரிச்சந்திர கட்டத்தில், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் செய்தார். தமிழ் தெரியாத அப்பெண் எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டது ஒன்றே: “என் தந்தை இங்கே மகிழ்ச்சியாக இருந்தாரா?” இருந்தார் என்றோம். பெரும்பாலும் உண்மை.

சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் அதனையொட்டியது. ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் செலவிடுகிறோம், செலவிட வேண்டியதே. அதனோடு ஒரு குறிப்பேடு வையுங்கள். தனித்து வாழும் உறுப்பினர் பெயர், அயல்நாட்டிலிருக்கும் பிள்ளையின் தொலைபேசி, அவருக்கு விசா வேண்டுமா வேண்டாமா, வீட்டின் மற்றொரு சாவி யாரிடம் உள்ளது, காகிதங்கள் எவ்வலமாரியில் உள்ளன, இவ்வளவே. செயலாளரும் துணைத்தலைவரும் மட்டும் பார்க்கலாம். ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க இளைஞர் இருவர் போதும். நாங்கள் தேநீர் கொடுப்போம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கன்னட வகுப்பு நடத்த மூன்றாம் வீட்டு ஆசிரியர் இசைந்திருக்கிறார். ஊதியம் வேண்டாம் என்கிறார். இடம் மட்டும் சங்கம் தரவேண்டும்.

கடைசியாக எங்கள் சொந்தச் செய்தி ஒன்று. அட்டை பெற்று ஐந்தாண்டு ஆனவர், விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு திங்கள் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்திருந்தால், மீண்டும் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யக் கோரலாம் என்று குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஆனால் பிரித்தானியக் குடியுரிமையை விடவேண்டும். விட்டால் மகனையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். முதியவர்க்கு மறுத்தாலும் மறுப்பார்கள். இதனை வைத்து எங்களுக்குள் இரண்டாண்டு வழக்கு நடந்தது. மூத்தவர் எண்பதைக் கடந்துவிட்டார்; நெஞ்சு அறுவைக்குப்பின் நெடும்பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கு அக்கடவுச்சீட்டால் இனிப் பயனில்லை. இளையவர்க்கு உண்டு, லீட்சில் எவர்க்கேனும் உடம்புக்கு வந்தால் மறுநாளே ஏற அவரால் முடியும், முடியவும் வேண்டும். ஆகவே ஒருவர் விண்ணப்பிப்பது, ஒருவர் இருந்தபடி இருப்பது என்று தீர்ந்தது. ஒரே வீட்டில் இரண்டு நாடு. அடுத்த தேர்தலில் வரிசையில் ஒருவர் நிற்பார். மற்றவர் கைப்பை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் காத்திருப்பார்.

விண்ணப்பத்துக்காக மாயவரம் நகராட்சியிலிருந்து 1945ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவின் நகல் வாங்கினோம். பெயரில்லை, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது. பெயரை மெய்ப்பிக்கப் பள்ளியிறுதிச் சான்றைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தபோது, 1974இல் கொண்டுசென்ற பழைய இந்தியக் கடவுச்சீட்டும் அடியில் கிடைத்தது. ‘செல்லாது’ என்று முத்திரை குத்தி, அட்டையின் மூலை வெட்டப்பட்டது. படத்தில் மூத்தவர்க்குத் தலை நிறைய முடி. அதன் நகலையும் எவரும் கேளாமலே இணைத்துத் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.